எண்ணுகிற வாய் தின்னாது

இன்று காலை பஃபலோ ரோட்டுக் கடையில் ஒரு புது பிஸ்கட் டின்னைத் திறந்தார்கள். அந்த வெண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதும் என் வாய் தானாக எண்ணத் தொடங்கிவிட்டது. கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பைக்குள் போட, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

"என்ன தங்கச்சி, என் மேல அவ்வளவு சந்தேகமா? குறைச்சுப் போட மாட்டேன்லா!" என்றார்.

சிரித்துவிட்டேன். உன் ராகத்திலேயே எண்ணியிருக்கிறேன். நீ இறந்து இரண்டு வருடமாகிறது. ராகம் போகவில்லை.

அப்போது ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் நாம் இருவரும் பேக்கிங் மேசையில் பக்கம் பக்கமாக நின்று வேலை பார்த்தோம். பெண்கள் பிஸ்கட்டைத் தின்றுவிடுவார்கள் என்று மேனேஜருக்குப் பயம். அதனால் டின்னில் அடுக்கும்போது வாய்விட்டு எண்ண வேண்டும் என்று சட்டம் போட்டார். எண்ணுகிற வாய் தின்ன முடியாதாம்! சத்தம் நின்றால் வந்து நிற்பார். எதையோ நினைத்தபடி ஒரு நிமிடம் பேசாமல் இருந்த ஒரு பெண்ணை, தின்றாள் என்று சொல்லி அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்.

எனக்கோ நாலு பேர் முன்னால் குரல் எழும்பாது. "நீ வாயை மட்டும் அசைடி, சத்தத்தை நான் பாத்துக்கிறேன்" என்றாய். இருவருக்குமாக நீயே எண்ணினாய். சீன அக்கா சீனத்தில், மலாய் அக்கா மலாயில், நீ தமிழில். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது என்பதால் உன் எண்களுக்கு நடுவே அவரைப் பற்றி என்னென்னவோ வரும். "பதினொண்ணு, பன்னெண்டு, வருது பாரு பூசணிக்கா, பதிமூணு." சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

பிறகு ஒரு மழை வாரத்தில் உனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. உன் சம்பளத்தில்தான் தம்பிகள் இருவரும் படித்தார்கள். வராமல் இருந்தாலும் வேலை போகும். அன்று நீ வாயை அசைக்க, இருவருக்குமாக நான் எண்ணினேன். பழகாத குரல் பத்துக்குள்ளேயே கீச்சென்று உடைந்து நின்றது. மேனேஜர் வந்தார். சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்த உன் வாயை நோக்கி விரலை நீட்டி, "மாக்கான்?" என்றார். தின்றாயா என்று.

இல்லையென்று தலையாட்டினாய். அவர் கதவைக் காட்டினார்.

எனக்குள் எங்கிருந்து வந்ததோ! "அவ தின்னல சார்! தொண்டை கட்டியிருக்கு, பாருங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டு, அவர் முகத்துக்கு நேரே "ஆ" என்று வாயைத் திறந்தேன். காட்டியிருக்க வேண்டியது உன் வாயை. நான் திறந்தது என் வாயை! உடனே நீயும் திறந்தாய். சீன அக்கா திறந்தார். மலாய் அக்கா, "பாருங்க துவான்" என்று மலாயில் மரியாதையாகச் சொல்லி, வெற்றிலைக் கறைப் பற்களைக் காட்டினார். மேசை நெடுக வாய்கள் திறந்துகொண்டன. ஒன்றிலும் ஒரு துகள் இல்லை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பின்வாங்கிப் போய்விட்டார். நீ சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாய்.

மறுநாள் எல்லோரும் வேண்டுமென்றே தொண்டை கிழிய எண்ணினோம். மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். இனி வேலை நேரத்தில் யாரும் வாயே திறக்கக் கூடாது என்று புதுச் சட்டம்!

பாதி திரும்பியிருந்த குரலில் என் காதருகே சொன்னாய்: "மடப்பய மனுஷன். இப்பத்தாண்டி நிம்மதியாத் திங்கலாம்."

அதுவரை நாம் ஒன்றுகூடத் தின்றதில்லை. மேசைக்கடியில் ஒரு பிஸ்கட்டை உடைத்து, பாதியை என் கையில் வைத்தாய்.

இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்திலும் பூசணிக்காய்கள் உண்டு. யாரையாவது வீணாகக் குற்றம் சொன்னால் என் வாய் திறந்துகொள்கிறது. குரல் இன்னும் கீச்சென்று உடைகிறது. ஆனால் நிற்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் பிஸ்கட்டைப் பழக்கத்தில் இரண்டாக உடைத்துவிட்டேன். "ஒண்ணு" என்று வீடே கேட்கச் சொல்லிவிட்டு, உன் பாதியையும் நானே தின்றேன்.