பஸ்ஸில் போனால் ஒரு பகல்

11-2-81, புதன்

காலையில் பனி. ஹேண்டில்பார் தொட்டால் சில். கா. 5.45க்கு ஆம்பூரிலிருந்து புறப்பாடு.

எடுத்துக்கொண்டது: பம்ப், பஞ்சர் சாமான், இரண்டு சட்டை, வேட்டி, துண்டு, ஷேவிங் செட், இந்த நோட்டு. என்ன பேசுவது என்பது மட்டும் தயாராகவில்லை.

லீவு ஞாயிறு வரை. திங்கள் காலை எட்டுக்குத் தோல் கம்பெனியில் இருந்தாக வேண்டும். ஏற்றுமதிச் சரக்கு கட்டும் வாரம். மேனேஜரிடம் சைக்கிள் டூர், பாலாற்றங்கரையோடு கடல் வரை என்று சொன்னேன். பக்கத்து மேஜை அன்வரிடமும் அதையே சொன்னேன். அவன் நம்பவில்லை. "ஆறு போயி சேர்ற எடத்துல தான உன் மாமியார் ஊடு?" என்றான். சீட்டுக்கு ஒரு தோல் உறை தைத்துக் கொடுத்திருக்கிறான். ஆவாரம்பட்டையில் பதனிட்டது, நல்ல பழுப்பு. உட்கார சுகம்.

வசந்தா அம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு மூன்று மாதம் நான்கு நாள். பொங்கலுக்கும் வரவில்லை. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. கடலுக்கு ஒரு மைல் இந்தப் பக்கம் அவள் ஊர். பஸ்ஸில் போனால் ஒரு பகல். சைக்கிள் எதற்கு என்று கேட்டால், ஆற்றை ஒட்டியே கடைசி வரை போய்ப் பார்க்க ரொம்ப நாள் ஆசை என்பேன். பொய் இல்லை. முழு நிஜமும் இல்லை.

மாதனூரில் ஷூ கம்பெனி பஸ் நின்று பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் எங்கள் தெரு ரஹீமா அக்கா.

"இன்னா தம்பி, வசந்தாவ கூட்டியாரவா?"

"சும்மா டூருக்கா."

"டூருக்கா இவ்ளோ வழவழன்னு ஷேவ் பண்ணினு போற?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. பள்ளிகொண்டா வரை நிற்காமல் மிதித்தேன்.

சண்டையே இந்த பஸ்ஸால்தான். வசந்தாவுக்கு மிஷின் தையல் நன்றாக வரும். ஷூவின் மேல்பாகம் தைக்க ஆள் எடுக்கிறார்கள், நானும் போகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். வேண்டாமென்றால் வேண்டாம் என்றேன். "ஞாயித்துக்கெழம ஆனா நீங்க சைக்கிள எடுத்துனு ஊர் ஊரா சுத்துறீங்க. நான் பத்து மைல் பஸ்ல போவக் கூடாதா?" என்று கேட்டாள். நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் காலை கிளம்பிவிட்டாள்.

வேலூர் மதியம் 12. கோட்டை அகழி ஓரம் ஒரு மணி நேரம் சும்மா. பிறகு லாட்ஜ். தொடை இரண்டும் விண்விண். ஆறு: ஆம்பூரில் மணல். பள்ளிகொண்டாவில் மணல். இங்கேயும் மணல்.


12-2-81, வியாழன்

வெயில் ஜாஸ்தி. இன்று ஆற்காடு தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை. அமிர்தி போனேன். நான் போக வேண்டியது கிழக்கே, அமிர்தி தெற்கே. வேலூர் வரை வந்துவிட்டு அருவி பார்க்காமல் போவதா என்று காலையில் தோன்றியது. ஏற்கெனவே மூன்று முறை பார்த்த அருவி.

தண்ணீர் கம்மி. பக்கத்திலிருக்கும் மிருகக்காட்சிசாலையில் கூண்டுகளைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு நரி, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தபடியே இருந்தது. காவல்காரர் சொன்னார்: "காலைலேர்ந்து இப்டித்தான் சார். ஒரு எடத்துல நிக்காது." இதை ஏன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

பாறை மேல் உட்கார்ந்து, பேசப்போவதை எழுதிப் பார்த்தேன்.

"வா, போலாம்." எதுக்கு என்பாள்.

"வீடு வீடாவே இல்ல." வீட்டைப் பற்றிக் கேட்டேனா என்பாள்.

"வேலைக்குப் போ." எழுதினேன், அடித்துவிட்டேன்.

ஏன் அடித்தேன்? அவள் போனால் எனக்கு என்ன குறைந்துவிடும்? ஊர் பேசும் என்றேன் அன்று. ஊர் பேசாது. ஊரில் பாதி வீட்டிலிருந்து பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. நான் எங்கே சுற்றிவிட்டு எப்போது வந்தாலும் அவள் வீட்டில் இருக்க வேண்டும். எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது.

திரும்பவும் வேலூர். அதே லாட்ஜ், அதே அறை. "போவல சார்?" என்றார் மேனேஜர்.


13-2-81, வெள்ளி

கா. 6. காற்று எதிரே. கிழக்கே போகிறவனுக்கு இந்த மாதத்தில் வேறென்ன கிடைக்கும்.

ஆற்காட்டில் மக்கன் பேடா ஒரு பெட்டி, மாமியார் வீட்டுக்கு. பாலத்தின் மேல் நின்று பார்த்தால் அக்கரை எங்கேயோ இருக்கிறது, நடுவில் முழுக்க மணல். இரண்டு பெண்கள் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள். கீழே போய்க் கேட்டுக் குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது. "மேல தான் ஒண்ணுமில்ல, உள்ள ஓடினு தான் கீது" என்றாள் ஒருத்தி.

காவேரிப்பாக்கம், கா. 10.30. டீக்கடையில் பின்னாலிருந்து குரல்.

"மாமா! இன்னா மாமா, சைக்கிள்ல?"

ஏழுமலை. வசந்தாவின் சித்தப்பா மகன், கண்டக்டர். டீக்கு நின்ற பஸ் அவனுடையது.

"ஊருக்குத்தான்."

"அப்ப சைக்கிள மேல போடுறேன், ஏறுங்க. செங்கல்பட்டோட எனக்கு டூட்டி முடியுது. அங்கேர்ந்து ஒண்ணா போய்டலாம். சாயந்திரம் அக்கா கையால காபி குடிக்கலாம்."

டிரைவர் ஹார்ன் அடித்தார். இன்று சாயந்திரமா? இன்றேவா?

"இல்ல ஏழுமல. ஆத்தோரமா போய்ப் பாக்கணும். டூரு."

அவன் ஒரு மாதிரி பார்த்தான். "சீட்டு காலியா கீது மாமா."

"நீ போ. நான் வர்றேன்."

"சரி. ஒங்க இஷ்டம்."

பஸ் கண்ணிலிருந்து மறைந்த உடனே, முட்டாள், ஏறியிருக்கலாம் என்று தோன்றியது. துரத்திப் பிடிக்கவா முடியும். ஏரிக்கரையில் உட்கார்ந்து இரண்டு பேடா தின்றேன். இனிப்பே தெரியவில்லை.

காஞ்சிபுரம் மா. 5. இந்நேரம் ஏழுமலை ஊரில் இறங்கியிருப்பான். அவளிடம் சொல்வானா? சொல்லாமல் இருப்பானா?


14-2-81, சனி

மேகமூட்டம். மிதிக்க நல்ல நாள், ஆனால் மிதித்ததைவிடத் தள்ளியதுதான் அதிகம். வாலாஜாபாத் தாண்டி மெயின் ரோட்டை விட்டு ஆற்றோரத் தடத்தில் இறங்கினேன். இரண்டு பக்கமும் வேர்க்கடலை, அப்புறம் கரும்பு. பம்ப்செட் தொட்டியில் குளியல். பிறகு தடம் மணலாகிவிட்டது. சக்கரம் பாதி புதைகிறது. ஒரு கிழவர், "ரோட்டு மேல போனா அரமணி நேரம், இங்க எதுக்கு வந்து மாட்டினு கீற?" என்றார். டூர் என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது.

ஒரு வாய்க்காலைக் கடக்கும்போது சைக்கிள் சாய்ந்து சீட்டு நனைந்தது. அப்படியே ஏறி உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷமாகத் தோல் கம்பெனியில் இருப்பவன், பட்டைத் தோல் நனைந்தால் சாயம் விடும் என்று தெரியாதா? பேண்டின் பின்பக்கம் முழுக்கப் பழுப்பு. இருப்பது ஒரே பேண்ட்.

அதோடு வேலமுள், பஞ்சர். கரையில் உட்கார்ந்து ஒட்டினேன். ஒட்டி முடிப்பதற்குள் மனதில் முடிவாகிவிட்டது. போகட்டும், அவள் வேலைக்குப் போகட்டும். முடிவான பிறகு உடம்பே லேசாக இருக்கிறது. இதற்கா மூன்று மாதம்?

செங்கல்பட்டு மா. 4. விடாமல் மிதித்தால் இருட்டுவதற்குள் அவள் ஊர். ஆனால் பேண்டில் கறை, முகத்தில் இரண்டு நாள் தாடி, மணல். இப்படிப் போய் நிற்பதா? குளித்து, ஷேவ் செய்து, காலையில் மனுஷனாகப் போகலாம் என்று லாட்ஜ் எடுத்தேன்.

துவைத்துப் பார்த்தேன். கறை போகவில்லை.


15-2-81, ஞாயிறு

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் காற்றில் உப்பு. சவுக்குத் தோப்புகள். பாலாற்றில் முதல் முறையாகத் தண்ணீர், அகலமாக, அசையாமல், வானத்தின் நிறத்தில். நின்று பார்க்க ஆசை. நிற்கவில்லை.

கா. 11. ஊர் பஸ் நிற்கும் புளியமரத்தடியில், மதகுக் கட்டையில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். வீட்டைப் பார்த்து முன்னால் நடந்தாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால். இளைத்திருக்கிறாள்.

வீட்டுக்குள் போனதும் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"ஏழுமல வெள்ளிக்கெழமயே சொன்னான்."

"அது வந்து..."

"பஸ்ல சீட்டு இருந்திச்சாமே."

"இருந்தது."

வேறு வழி தெரியவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். "நீ வேலைக்குப் போ வசந்தா. நான் சொன்னது தப்பு. ஒண்ணும் சொல்லமாட்டேன் இனிமே."

"சரி" என்றாள். சந்தோஷமா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. "பேண்ட்ல இன்னா கறை?"

"தோல் சாயம்."

உள்ளே போனாள். புடவை மாற்றிக்கொண்டு, ஒயர் கூடையோடு வந்தாள்.

"மாமல்லபுரத்துல என்கூட படிச்ச லலிதா கீறா. பாத்துட்டு வர்றேன்."

"இப்பவா? எப்ப வருவ?"

"வழியெல்லாம் பாத்துனு மெதுவா வருவேன்."

"எனக்கு நாளைக்கு டூட்டி."

"தெரியும்."

"இன்னாடி இது" என்றார் மாமியார், வாசல் வரை போய். அவள் திரும்பவில்லை. 12.20 பஸ் ஏறிப் போய்விட்டாள். கோபப்பட்டிருக்கலாம் நான். கோபம் வரவில்லை. பயமாக இருக்கிறது.

இரண்டு நாளாகப் புளியமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னது.


16-2-81, திங்கள்

வெயில். காற்று இல்லை. கம்பெனிக்குத் தந்தி கொடுத்தேன், லீவு நீட்டிப்பு. சரக்கு கட்டும் நாள். மேனேஜர் குதிப்பார். அன்வர் சமாளிப்பான்.

கடல் ஒரு மைல். சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. போய்வர அரை மணி நேரம் ஆகாது. போகவில்லை. அந்த நேரத்தில் பஸ் வந்துவிட்டால்?

7.10 பஸ்ஸில் வரவில்லை. 9.40, இல்லை. 11 மணி பஸ்ஸில் அதே நிறப் புடவையில் வேறு யாரோ இறங்கினார்கள். 12.20, இல்லை. மதகுக் கட்டை சுடுகிறது. இதில் எப்படி இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள்?

2 மணிக்கு மாமியாரே மரத்தடிக்கு வந்து கூப்பிட்டார். வீட்டுக்குப் போனேன், இலை போட்டிருந்தார்.

"சாப்டுங்க மாப்ள."

"அவ வரட்டும் அத்த."

இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார்:

"அவளும் ரெண்டு நாளா இதையே தான் சொல்லினு இருந்தா."