பத்தாம் கட்டம்

மட்டாஞ்சேரி
4.8.1985

அன்புள்ள நீலகண்டா,

இங்கு எல்லோரும் சுகம். பெங்களூர் போனதும் உனக்குப் பேனா பிடிக்க மறந்துவிட்டது போல!

உங்கள் கம்பெனியில் நீ செய்த விமானச் சண்டை வீடியோ கேம் மெஷின் என் கடைக்கு வந்துவிட்டது. "கூடப் படிச்சவன் செஞ்சது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறேன். கம்பெனி அனுப்பிய போஸ்டரையும் ஒட்டினேன்: பத்தாம் கட்டம் தாண்டினால் கைக்கடிகாரம்.

வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் காளி, வேலை முடிந்ததும் நேரே இங்கேதான் வருவான். நேற்று ஒன்பதாம் கட்டத்தை முடித்தான். திரை அப்படியே நின்றுவிட்டது. "பிளக்கைப் பிடுங்கிட்டியா சேட்டா?" என்று என் சட்டையைப் பிடித்தான். அவனோடு வந்த ஒருவன் சோடா பாட்டிலை என் தலைக்கு மேலே சுவரில் அடித்து உடைத்தான். என்ன கோளாறு? உடனே எழுது.

உன்
இசக்கிமுத்து

பெங்களூர்
9.8.1985

அன்புள்ள இசக்கி,

பயப்படாதே. மெஷினில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் ஊர் கரண்ட் ஏறி இறங்குவதுதான் காரணம். ஒரு ஸ்டெபிலைசர் வை, சரியாகிவிடும். கேட்கிறவர்களிடம் தைரியமாகச் சொல். ஓணத்துக்கு வர முடியாது, வேலை அப்படி.

அன்புடன்
நீலகண்டன்

மட்டாஞ்சேரி
27.8.1985

நீலகண்டா,

இடது கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

ஸ்டெபிலைசர் வைத்தேன். "இனி நிக்காது, செஞ்சவனே சொல்லிட்டான்" என்று காளிக்குச் சத்தியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை நிறையக் கூட்டம். ஒன்பது முடிந்தது. மறுபடியும் நின்றது.

"கள்ளக்களிடா இது, ஏமாத்து ஆட்டம்! கள்ளன் இவன்!" என்று காளி ஸ்டூலைத் தூக்கித் திரையில் எறிந்தான். கண்ணாடி சிதறியது. ஷட்டர் இழுக்கும் கம்பி என் கையில் இருந்தது. அடித்தேன். இரண்டாவது அடி அவன் கண்ணில் இறங்கியது. கீழே விழுந்த பிறகும் ஒன்று அடித்தேன், நீலகண்டா. கூட்டம் என்னைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு, வலது கையை மிதித்தே ஒடித்தது.

அவனுக்கு அந்தக் கண் போய்விட்டதாம். என் மேல் கேஸ். ஜாமீனில் இருக்கிறேன். ஏன் நின்றது? எனக்கு உண்மை வேண்டும்.

இசக்கிமுத்து

பெங்களூர்
2.9.1985

இசக்கி,

பத்தாம் கட்டம் என்று ஒன்று இல்லை. நாங்கள் எழுதவே இல்லை.

ஒரு வருட வேலையை ஓணத்துக்குள் முடிக்கச் சொன்னார் மேனேஜர் வெங்கிடராமன். பாதியில் எங்களில் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பினார். வேலை முடியும் முன்பே போஸ்டர் அச்சாகிவிட்டது. "ஒன்பது தாண்டறவன் எவன் இருக்கான்? புகார் வந்தா கரண்ட் மேல போடுங்கோ" என்றார். அடுத்தது நான்தான் என்ற பயத்தில் தலையாட்டினேன். உனக்கும் அதையே எழுதினேன்.

என்னை மன்னித்துவிடு. படித்ததும் இதைக் கிழித்துவிடு. வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும்.

நீலகண்டன்

மட்டாஞ்சேரி
10.9.1985

நீலகண்டனுக்கு,

கிழிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காளியின் கட்டில் பக்கத்தில் நின்று படித்துக் காட்டினேன். அவன் என்னை வையவில்லை. கட்டுப் போடாத கண்ணால் கடிதத்தைப் பார்த்துக் கேட்டான்:

"அப்ப நான் தோக்கலியா சேட்டா?"

"இல்லடா. இருந்ததெல்லாம் ஜெயிச்சுட்ட."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு கையை மட்டும் நீட்டினான். உன் கடிதத்தை அதில் வைத்தேன். வக்கீலிடம் கொடுப்பானோ, வைத்துக்கொள்வானோ, அது அவன் இஷ்டம்.

அடித்தது நான்தான் என்று கோர்ட்டில் சொல்லப்போகிறேன். இனி எனக்கு எழுதாதே.

இசக்கிமுத்து