லேபிள் இல்லாத டிஸ்க்

ஆமாம் அப்பா, மேலாளரிடம் முடியாது என்று சொன்னது நான்தான். அண்ணன் உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறான். உங்கள் முட்டிவலியைப் பற்றி எனக்கும் பாதிதான் சொன்னான். மீதியை நீங்களே எழுதுங்கள்.

நடந்தது சின்ன விஷயம். எங்கள் அலுவலகத்தின் பெரிய கணினியான மெயின்ஃப்ரேமில் பழைய இயங்குதளமும் புதியதும் ஒரே டிஸ்க்குகளைப் பகிர்கின்றன. ஓய்வூதியப் பதிவுகளை வைக்கப்போகும் டிஸ்க்கைச் குறுக்கு வழியில் ஃபார்மட் செய்யச் சொன்னார் மேலாளர். அப்படிச் செய்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பழைய இயங்குதளத்துக்குச் சொல்லும் லேபிள் அதில் இருக்காது. டிஸ்க் காலி என்று நினைத்துப் பதிவுகளின் மேலேயே எழுதிவிடும்.

“நேத்து வந்த பொண்ணு, எனக்கே பாடம் எடுக்கிறியா?”

“பாடம் இல்ல சார். அதையே எழுத்துல குடுங்க, இப்பவே செய்றேன்.”

“வேலை வேணுமா, வேணாமா?”

“வேணும் சார். அதனாலதான் கேக்குறேன்.”

எழுதித் தரவில்லை. என் வேலையைப் பற்றி வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று போய்விட்டார். பெட்டியைக் கட்டச் சொன்னால் கட்டுவேன். மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுத மாட்டேன்.

அடுத்த முறை நான் கூப்பிடும்போது டிவியை அணைக்காதீர்கள். வீட்டுச் சத்தம் கேட்கட்டும்.

இடைவேளை முடிந்துவிட்டது.

உங்கள் மகள்

பி.கு.: அவர் போனதும் டிஸ்க்கை லேபிளோடு ஃபார்மட் செய்து, பதிவுகளுக்காக மூன்று பகுதிகளாகப் பிரித்து, செய்தது நான்தான் என்று வேலைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.