மரத்தில் நீ கட்டிய காகிதம்

மருமகனே,

புதுக்கடை ஸ்டுடியோவில் இன்று காலை உன் படத்தைப் பெரிதாக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. பீடத்துக்கு முன்னால் வைக்கச் சட்டம் போட்ட படம் வேண்டும் என்று என் தங்கச்சி, உன் அம்மா சொன்னாள். என் போனில் ஆயிரம் படம் கிடக்கிறது. நீ சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான். கொரியாவில், அந்த மரத்தடியில் நான் எடுத்தது.

ஸ்டுடியோக்காரர் திரையைக் காட்டினார். "பின்னாடி பேப்பரா தொங்குதே அண்ணாச்சி. அழிச்சிட்டு நீலம் போடட்டா?"

உன் தோளுக்கு மேலே ஒரு வெள்ளைக் காகிதம். அதில் தமிழ் எழுத்து.

"நில்லும்," என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

பதினேழு தேசங்களை வென்று முடித்துப் பதினெட்டாவதைப் பார்வையிட வந்த சக்கரவர்த்தி போல நான் கொரியாவில் இறங்கினேன் அல்லவா? டிக்கெட் எடுத்து அனுப்பியது நீ. கப்பல் கட்டுகிற தளத்துக்கு வெல்டர் வேலைக்கு உன்னைப் பிடித்துத் தள்ளியது நான். அதைச் சொல்லாத டீக்கடை புதுக்கடையில் கிடையாது. "கொரியாக் கப்பல் கடல்ல மிதக்குதுன்னா எனக்க மருமவன் பத்தவச்சதுனாலயாக்கும்" என்பேன்.

உனக்கு ஒரு நாள்தான் லீவு. பழைய ஊர்களைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் என்னை ஏற்றினாய். கொடி பிடித்த பெண் ஒருத்தி முன்னால் நின்று பேசினாள். அறுப்புக்கு நின்ற வயல் மலையடிவாரம் வரை மஞ்சளாகக் கிடந்தது. "லேய் மக்கா, நம்ம சுசீந்திரத்து வயலைச் சுருட்டிக் கொண்டு வந்து இங்க விரிச்சிருக்கானுவ, கள்ளப் பயலுவ!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன். நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

மூன்று பக்கமும் ஆறு வளைத்த ஊரில் இறக்கினார்கள். வைக்கோல் கூரைகள், மண் மதில்கள், பாயில் காய்கிற மிளகாய். இலை முழுவதும் உதிர்ந்து பழம் மட்டும் செக்கச் செவேலென்று தொங்குகிற மரங்கள். மத்தியானம் சுட்ட மீன் வந்தது. பார்த்தால் நம்ம ஊர் உப்பிட்ட அயிலை மீன். "இதைத் திங்கவா நான் ஆகாசத்துல பறந்து வந்தேன்?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாவதைப் பிய்த்தேன். அப்போதுதான் நீ சொன்னாய்.

"மாமா, சாரத்துல ஏறி நிக்கும்போ காலு நடுங்குது. கீழ பாத்தா எட்டு மாடி ஆழம். பேடியா இருக்கு."

"பேடியா? பயமாலே உனக்கு? மஸ்கட்ல நூத்திப் பத்தாவது மாடியில, ஒத்தக் கம்பியில தொங்கிக்கிட்டே பிரியாணி தின்னவனாக்கும் உனக்க மாமன். அந்த ரத்தம்லா உனக்கும்? சவத்த விடுலே, மீனத் தின்னு."

நீ மீனைத் தின்றாய்.

மஸ்கட்டில் நான் சமையல்காரன். அங்கே நான் ஏறிய ஆக உயரமான இடம், பரணில் இருந்து மசாலா டப்பா எடுக்கப் போட்ட ஸ்டூல். இதை இதுவரை நான் எவரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் அந்த மரம். அறுநூறு வயது என்றாள் கொடிக்காரி. சுற்றிலும் வைக்கோல் கயிறு கட்டியிருந்தது. வருகிறவர்கள் வேண்டுதலை எழுதி அதில் முடிந்துவிட்டுப் போவார்களாம். எல்லாவற்றையும் சேர்த்து ஊர்க்காரர்கள் பிறகு எரிப்பார்களாம். கொரியா முழுவதையும் என் பெயருக்கு எழுதித் தரும்படி மரத்துக்கு நான் ஆணை பிறப்பித்தேன். நீ முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினாய்.

"பங்குச் சாமியார் அறிஞ்சா ரெண்டு பேருக்கும் கல்லறையில இடம் தரமாட்டாரு," என்றேன். "அதுவும் தமிழ்லயா எழுதுதே? மரத்துக்குத் தமிழ் தெரியுமாலே?"

"மாமாவுக்குத் தெரியும்லா," என்று காகிதத்தை என் பக்கம் நீட்டினாய்.

"அடுத்தவனுக்க வேண்டுதலைப் படிச்சா கண்ணு அவிஞ்சு போவும்!" கண்ணைப் பொத்திக்கொண்டு, கையை நீட்டித் தடவித் தடவி நாலடி நடந்து காட்டினேன். அன்றைக்கு நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான். காகிதத்தைக் கட்டிவிட்டு நின்றாய். படம் எடுத்தேன்.

அதிலிருந்து ஐந்தாம் மாதம் சாரம் சரிந்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சரக்கு வாசலில் கையெழுத்துப் போட்டு உன்னை வாங்கினேன். அதற்குப் பிறகு எவனிடமும் "சவத்த விடு" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "உங்ககிட்ட வல்லதும் கஷ்டம்னு சொன்னானா அண்ணா?" என்று உன் அம்மா கேட்டாள். "ராஜா மாதிரி இருந்தான்," என்றேன்.

அந்தக் காகிதத்தில் நீ எழுதியிருந்தது ஒரே வரி. "மாமா, நானும் உங்ககூட ஊருக்கு வரட்டா?"

மரத்திடம் நீ ஒன்றும் வேண்டவில்லை. என்னிடம் கேட்டிருக்கிறாய்.

"அழிக்க வேண்டாம்," என்றேன் ஸ்டுடியோக்காரரிடம். "அப்படியே போடும்." ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா அதைப் படிப்பாள். படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். பார்க்கட்டும்.

சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "யாரு, மகனா?"

"மருமவன்."

குனிந்து எழுத்தைக் கூட்டிப் படித்தார். "நல்ல பையன். அதுக்கு நீரு என்ன சொன்னீரு?"

எவன் எதைக் கேட்டாலும் ஒன்பது பதில் வைத்திருக்கிற உன் மாமன் நான், இறங்குகிற வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.