அலமாரிக்கு அளவெடுத்த புத்தகங்கள்

மார்ச் 3, செவ்வாய்

மெஷினுக்குப் புது பிளேடு மாற்றினோம். காலை முழுக்கப் பள்ளி நோட்டு வெட்டினேன். அதோடு நின்றிருந்தால் நல்ல நாள்.

மதியம் சாப்பிடும்போது ப்ரூஃப் மேடம் எதிரில் வந்து உட்கார்ந்தார். அச்சகத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். அச்சுக்குப் போகிற எல்லாவற்றிலும் பிழை பார்ப்பவர். "நீங்க வீட்ல என்ன படிப்பீங்க?" என்று கேட்டார்.

பதினெட்டு வருடமாகப் புத்தகங்களின் மூன்று ஓரங்களையும் வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். "எல்லாமே படிப்பேன் மேடம். வீட்ல ஒரு அலமாரி நிறைய இருக்கு" என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஒரு நாள் வந்து பாக்கணுமே. இருபத்திரண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

வீட்டில் இருப்பது துணி அலமாரி.

மார்ச் 5, வியாழன்

புத்தக அலமாரி ஒன்று செய்யப்போகிறேன் என்று அக்காவிடம் போனில் சொன்னேன். "உனக்குப் பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போயேன்டா. அதுக்கு எதுக்கு மரவேலை?" என்றாள்.

அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். என் மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் இந்த ஒருவர்தான் என் வீட்டுக்கு வருகிறேன் என்று தானாகச் சொல்லியிருக்கிறார். நாள் பூராவும் எழுத்தோடு வாழ்கிற மனுஷி. நான் ஒன்றும் படிக்காத தடியன் என்று தெரிந்தால் வருவாரா? தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. டெம்மி அளவுப் புத்தகம் எட்டரை அங்குல உயரம், அதனால் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு தட்டு என்று கணக்காகச் சொன்னேன்.

மார்ச் 8, ஞாயிறு

பழைய புத்தகக் கடை. "என்ன மாதிரி பாக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

"படிச்சவங்க வீட்ல இருக்கிற மாதிரி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தடிமனானவற்றையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். சரித்திரம், தத்துவம், யாரோ ஒரு தபால்காரரின் இரண்டு மகள்களைப் பற்றிய பெரிய நாவல் ஒன்று. முதுகில் தங்க எழுத்துப் போட்டிருந்த ஒன்றை நானே ஆசைப்பட்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாடுகளுக்கு வரும் நோய்கள். இருக்கட்டும். தங்கம் தங்கம்தான்.

மார்ச் 14, சனி

அலமாரி வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஒரு புத்தகம்கூட உள்ளே நிற்கவில்லை.

தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒன்பதுக்கு ஒரு தட்டுன்னீங்க, போட்டாச்சு. பலகையோட கனத்தை யாரு சொல்றது?" என்றார். முக்கால் அங்குலப் பலகை. மிச்சம் எட்டேகால். மயிரிழை பிசகாமல் வெட்டுகிறவன் என்று அச்சகத்தில் எனக்குப் பேர் வேறு.

படுக்கவைத்துப் பார்த்தேன். மளிகைக் கடையில் சோப்பு அடுக்கினது மாதிரி இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் யாரும் இல்லாதபோது எல்லாவற்றையும் மெஷினில் வைத்து மேல்பக்கம் அரை அங்குலம் எடுத்துவிட்டேன். அட்டையோடு சேர்த்து, ஒரே அழுத்து. வீட்டில் வைத்துப் பார்த்தேன். கச்சிதம்.

என் மூளையை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது.

மார்ச் 21, சனி

ஒவ்வொரு புத்தகத்திலும் நடுவில் ஓர் அட்டைத் துண்டு செருகினேன், படித்துக்கொண்டிருப்பதுபோல. பழைய கண்ணாடி ஒன்றைத் தத்துவத்தின் மேல் கழற்றி வைத்தேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "யாரோ செத்துப்போன வக்கீல் வீடு மாதிரி இருக்குடா" என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

வந்தார். போய்விட்டார்.

முறையாக எழுதுகிறேன். முதலில் சிரித்தார். "என்ன சார், எல்லாத்தையும் பாதியிலேயே நிறுத்தி வச்சிருக்கீங்க?" நானும் அசடு வழியச் சிரித்தேன். தபால்காரர் நாவலை எடுத்து நின்றபடியே படித்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி பின்னால் திருப்பினார். விரலால் மேலோரத்தைத் தடவினார். மற்ற இரண்டு ஓரமும் மஞ்சள். மேலே மட்டும் வெள்ளை வெளேர் என்று புது வெட்டு. அந்த நாவல் ஏற்கெனவே ஒரு தடவை பிரித்து மறுபடி பைண்டாகி ஒட்ட வெட்டப்பட்டது போலிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? திறந்து பார்த்தால்தானே. மற்றவற்றில் பக்க எண்ணோடு போயிற்று. இதில் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரியும் போய்விட்டது.

"நீங்களா வெட்டினீங்க?"

"ஆமா மேடம்."

"எதுக்கு?"

"உள்ள போகல."

அவர் சிரிக்கவில்லை. கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மார்ச் 23, திங்கள்

பேசவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மார்ச் 26, வியாழன்

அவர் மேசைக்குப் போய் நின்றேன். "மேடம், நான் படிக்கிறவன் இல்ல. அந்த அலமாரியே புதுசு."

"தெரியும். வார்னிஷ் வாசனை அடிச்சுது." கையிலிருந்த பேனாவை மூடினார். "படிக்காதது ஒண்ணும் தப்பில்ல சார். அந்த வரிய ஒருத்தர் யோசிச்சு எழுதியிருக்கார். என்ன மாதிரி ஒருத்தர் கண்ணு வலிக்கப் பிழை பாத்திருக்கார். நீங்க கால் நிமிஷத்துல…" மறுபடி வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. எனக்கு என்ன வந்துச்சு? புத்தகம் படிக்கிற பழக்கம் இல்லைன்னு சொன்னா என்ன, குறைஞ்சா போயிருப்பேன்? போச்சு. எல்லாம் போச்சு.

ஏப்ரல் 4, சனி

எவ்வளவு நாசம் பண்ணியிருக்கிறேன் என்று பார்க்கத்தான் அந்த நாவலைத் திறந்தேன். மூத்த மகள் கதவைத் திறக்கிறாள், வாசலில் நின்றது — பக்கம் முடிகிறது. திருப்பினால், "என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்." யார் நின்றது? என்ன கேட்டாள்? வெட்டினவன் நான், எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள அடுத்த பக்கம், அதற்கு அடுத்த பக்கம் என்று போய்விட்டேன். குக்கர் அடிப்பிடித்த வாசனை வந்தபோது எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு பக்கம்.

நின்றது தபால்காரர்தான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

மெல்லிய தாள் நறுக்கி, போன இடத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பட்டை ஒட்டினேன். பட்டை ஒட்டுவதாவது எனக்குத் தெரியும். அதில் பென்சிலால் பக்க எண்ணும், இந்த வரி இப்படி இருந்திருக்கலாம் என்று நான் நினைத்ததும். நாற்பது பக்கத்துக்கு ஒன்பது நாள். காலையில் அவர் வருவதற்கு முன் மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

ஏப்ரல் 15, புதன்

திரும்பி வந்தது, முழுக்கச் சிவப்பு மையோடு. "பக்கம் 12: இருக்கலாம்." "பக்கம் 19: இவ்வளவு நீளமான வரி இங்கே கொள்ளாது." "பக்கம் 31: நீங்கள் பேசவைத்திருக்கும் அத்தை பக்கம் 24-இலேயே இறந்துவிட்டார்."

உண்மைதான். அத்தை இறந்ததை நான் கவனிக்கவே இல்லை. பைண்டர் அண்ணன், "என்னய்யா தனியா சிரிக்கிற?" என்று கேட்டார்.

கடைசியில் ஒரு வரி: "மீதியை எப்போது தருவீர்கள்?"

மே 3, ஞாயிறு

மறுபடி வந்தார். டீயை முழுதும் குடித்தார். நூற்றுப் பத்துப் பக்கம் வந்திருக்கிறேன், மெதுவாகத்தான் படிக்க வருகிறது என்றேன்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா போதுமே."

"அன்னிக்கு நூத்திப் பத்து பக்கம் படிக்கலையே மேடம்."

அலமாரியை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். "என்கிட்ட நிறைய புத்தகம் இருக்கு. ஒவ்வொண்ணா கொண்டுவரதா, மொத்தமாவே கொண்டுவந்துடறதா?" என்றார், ஏதோ பஸ் நேரம் கேட்கிற குரலில்.

அக்காவிடம் போனில் சொன்னபோது கத்தினாள். "மொத்தமான்னு சொன்னியா இல்லையாடா?"

சொன்னேன்.

ஜூன் 7, ஞாயிறு

மேடம் என் வீட்டுக்கே வந்துவிட்டாள், பதினோரு பெட்டிப் புத்தகத்தோடு. எல்லாம் விதவிதமான உயரம்; பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. நான் ஒன்றைக் கையில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இடுப்பில் கைவைத்து நின்று என்னையே பார்த்தாள். "வெட்டறதா இருந்தா அலமாரிய வெட்டுங்க" என்றாள்.

நடுத்தட்டுகள் இரண்டைக் கழற்றினேன். திருகுகள் துரு இல்லாமல் சுலபமாக வந்தன. மிச்சப் புத்தகம் சாப்பாட்டு மேசை முழுக்க. இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.