ராஜாராமுக்குக் காது குத்த வேண்டாம்

சிவமயம்

திருப்புலிவனம்
14.6.1981

செல்வ மகள் சுலோச்சனாவுக்கு அம்மா எழுதுவது. ஈசன் கிருபையில் இங்கே எல்லோரும் இருக்கிறோம். மணிலாக்கொட்டை பிடுங்கியாகிவிட்டது. பிலாயில் வெயில் தணிந்ததா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

காலேஜில் ஸ்டிரைக் என்று உன் தங்கை பாஞ்சாலி இங்கேதான் இருக்கிறாள். விட்டுவந்தால் செத்துவிடுமாம், படிப்புக்காக வளர்க்கும் ஈக்களையும் பாட்டில்களில் போட்டுப் பஞ்சடைத்துக் கொண்டுவந்துவிட்டாள். வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தச் சின்ன ஈ. ரவையும் வெல்லமும் காய்ச்சி ஊற்றுவது என் வேலை. "ஈக்கு ஆக்கிப் போட்டுக்கினு கீற, என் காப்பி இன்னா ஆச்சி?" என்று உன் அப்பா கத்துகிறார். நான் வரவு செலவு எழுதுகிறவள் என்று எண்ணிக்கை எழுதவும் என்னையே உட்காரவைத்தாள்.

மஞ்சள் உடம்பும் வெள்ளைக் கண்ணும் உள்ள ஆண் ஈயை, சிவப்புக் கண் உள்ள நல்ல பெண் ஈயோடு விட்டாள். பிறந்ததெல்லாம் சிவப்புக் கண். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அவற்றுக்குப் பிறந்ததில் வெள்ளைக் கண் திரும்ப வந்தது. ஆணில் மட்டும், பாதிக்குப் பாதி. பெண்ணில் ஒன்றுகூட இல்லை. "தாய்க்கு ஒண்ணும் தெரியாதும்மா. உள்ளயே வச்சிக்கினு புள்ளைக்குக் குடுத்துடும்" என்றாள். வெள்ளைக் கண் உள்ளவற்றுக்கு உடம்பும் மஞ்சள்தான். ஏன் என்று கேட்டேன். "ரெண்டும் தாய் குடுக்கற ஒரே சரட்டுல கீதும்மா, சேந்துதான் போவும்" என்றாள்.

உன் தம்பி பஞ்சாட்சரத்துக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாமல் இருந்ததே. பழுத்த மிளகாய் பறிக்கச் சொன்னால் காயையும் சேர்த்துக் கொண்டுவருவான். தள்ளிப்போட்டு ஆறு வயதில் காது குத்திய அன்று ரத்தம் நிற்காமலே போய்விட்டான். பத்தருடைய ஊசிமேல் பழி போட்டோம். உன் அப்பா இன்றுவரை அவர் முகத்தில் விழிப்பதில்லை.

இதைப் பாஞ்சாலியிடம் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். ரத்தம் உறையாத வியாதியும் நிறம் தெரியாததும் மனுஷருக்கும் ஒரே சரட்டில்தான் இருக்கிறதாம். "அக்கா பையன் கலர் மாத்தி மாத்திச் சொல்றான்னு எழுதியிருந்தாளே" என்றாள். நான் போய் உலையில் அரிசி போட்டேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

ஆவணியில் வந்து ராஜாராமுக்குக் காது குத்துவதாக இருக்கிறீர்கள். அப்பா காஞ்சிபுரத்தில் வேறு பத்தரைப் பேசிவிட்டார், ராசியான கையாம். தாய்மாமன் ஸ்தானத்தில் மடியில் வைத்துக்கொள்ள உன் சித்தப்பா மகன் சின்னராசு புது வேட்டி எடுத்துவிட்டான். பத்தரை மாற்றி என்ன ஆகப்போகிறது?

வராதே. குழந்தை விழுந்தால் முட்டி வீங்குகிறது என்றாயே, அதைப் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி, ரத்தம் உறைகிறதா என்று பார்க்கச் சொல். பல் பிடுங்க விடாதே. உன் மாமியார் ஏதாவது சொன்னால், என் வழியில் வந்தது என்று சொல்லிவிடு. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். காது குத்தும் வேண்டுதலை நிறுத்தியதற்குச் சாமியிடமும் நானே சொல்லிவிட்டேன்.

அபூர்வமாகச் சில ஈக்களில் அந்தச் சரடு மாறி, வெள்ளைக் கண் வேறாகவும் மஞ்சள் உடம்பு வேறாகவும் பிரிந்துவிடும். நானே பார்த்தேன். என் பேரன் அப்படிப் பிரிந்து வந்தவனாக இருக்கட்டும் என்று விளக்கேற்றுகிறேன். அது தெரியும்வரை குழந்தைமேல் ஊசி படாமல் பார்த்துக்கொள், கண்ணே.

உன் அம்மா
சொக்கம்மாள்