ஊசிக்கு முன் கஞ்சி

20.2.86, வியாழன்
பெண்கள் வார்டில் காலை டியூட்டி. ஆறரைக்கு இன்சுலின் ஊசி, எட்டரைக்குக் கஞ்சி வண்டி. சிறுநீரை நீல மருந்தில் காய்ச்சினால் சர்க்கரை உள்ளவர்களுக்குச் செங்கல் நிறம் வரும். நிறம் பார்த்து ஊசி. இன்று ஒன்பது பேர்.

21.2.86, வெள்ளி
ஆறாம் கட்டில் மிக்கேலம்மாள். காரிமங்கலம் பக்கத்துக்காரி, காலில் ஆறாத புண். ஒன்பது மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, உளறி, என்னை அடிக்க வந்தாள். பிறகு கண் செருகிவிட்டது. ஊசிக்குப் பின் சாப்பிடாமல் சர்க்கரை அடியோடு இறங்கியிருக்கிறது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும்தான் மீண்டாள். கஞ்சியை ஜன்னல் வழியாகக் கொட்டியிருக்கிறாள்!
"தவக்காலத்து வெள்ளிங்க. ஒருசந்தி விட்டா பாவமில்லீங்களா?"
நானும் இன்று ஒருசந்திதான், ஒருவேளைச் சாப்பாடு மட்டும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. ஊசி போட்டது என் கை. வெட்கமாக இருக்கிறது.

24.2.86
இனி கேட்காமல் ஊசி இல்லை. ராத்திரி என்ன சாப்பிட்டாய், வாந்தி உண்டா, முன்பு இப்படி மயங்கி விழுந்திருக்கிறாயா? யாருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும் என்பது பதிலிலேயே தெரிகிறது. இன்று மூன்று பேர். அவர்களுக்குக் கஞ்சி குடித்த பிறகே போட்டேன்.
ஹெட் நர்ஸ் தீர்த்தம்மாள் பிடித்துக்கொண்டார். "கலர் பாத்துப் போடறதுதான் உன் வேல. வக்கீலாட்டம் கேள்வி எதுக்கு?"
வேறு யார் கேட்பார்களாம்?

28.2.86, வெள்ளி
நோயாளிக்கு ஒருசந்தி கிடையாது, கோயிலே விலக்குக் கொடுத்திருக்கிறது என்றேன். "அதச் சாமியார் வந்து சொல்லட்டுங்க" என்கிறாள் மிக்கேலம்மாள். அரைமணி மல்லுக்கட்டி அரை டம்ளர்.

3.3.86
மெமோ. உத்தரவில்லாமல் இன்சுலினைத் தாமதித்தேனாம். விளக்கம் எழுதினேன்: ‘தாமதித்தேன். நாளையும் தாமதிப்பேன்.’ மன்னிப்பு என்ற சொல்லே போடவில்லை.

10.3.86
பிரசவ வார்டுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். போகட்டும். ஆனால் பெரிய வெள்ளியன்று மிக்கேலம்மாள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாளே. அன்று ஆறரைக்கே ஊசி போட்டால்? யாரும் கவனிக்காவிட்டால் செத்தே போவாள். கிளம்பும்போது ஒன்பது பேரிடமும் சத்தமாகவே சொன்னேன்: "கஞ்சி குடிக்காம யாரும் கை நீட்டாதீங்க!" தீர்த்தம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்கட்டும்.

26.3.86
என் இடத்துக்குப் போன லூர்துமேரி மெஸ்ஸில் சொன்னாள். காலையில் ஒன்பது பேரும் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்களாம். "வெறும் வயித்துக்கு ஊசியா? கஞ்சி வரட்டுங்க" என்று மிக்கேலம்மாள்தான் முதல் குரலாம். தீர்த்தம்மாள் கத்தியிருக்கிறார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டாராம். கடைசியில் கஞ்சிக்குப் பிறகுதான் ஊசியாம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.
ஆனால் நாளை மறுநாள் பெரிய வெள்ளி.

28.3.86, பெரிய வெள்ளி
மனசு கேட்கவில்லை. எட்டரைக்குப் போய் வாசலில் நின்றேன். கஞ்சி வண்டி முன்னால், ஊசித் தட்டு பின்னால். ஆறாம் கட்டிலில் மிக்கேலம்மாள் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். தீர்த்தம்மாளே டம்ளரை நீட்டினார்.
"பூராக் குடி. சாமி கேட்டா, நர்ஸம்மா குடிக்கச் சொல்லுச்சுன்னு எம்மேல போடு."
அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். டம்ளர் காலியாகும் வரை தீர்த்தம்மாள் ஊசியைக் கையில் எடுக்கவில்லை.